பத்துமலையின் ‘பத்து’ எத்தனை?

மாணவர்களே, பத்துமலை என்ற பெயரில் உள்ள ‘பத்து’ எதைக் குறிக்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? அங்கே பத்து மலைகள் இருக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். ஈப்போவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் அது பத்தாவது மலை என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால், அந்தப் பெயரில் இருப்பது எண்ணே அல்ல. மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல். மலைக்கு அருகில் ஓடும் ஆற்றின் பெயரும் சுங்கை பத்து, அதாவது கல்லாறு. அந்த மலாய்ச் சொல் தமிழர் காதில் விழுந்தபோது, நாம் ஏற்கெனவே அறிந்த எண்ணாகக் கேட்டது. எண்ணுக்கு ஏற்றாற்போல் ஒரு கதையும் பிறந்துவிட்டது.

ஓர் ஊர்ப்பெயர், அந்த ஊரின் நிலத்தைப் பற்றிய உண்மையான தகவலை நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றி வைத்திருக்கலாம். அதே பெயர் நம்மைத் தவறான திசைக்கும் அழைத்துச் செல்லலாம். எது தகவல், எது தவறான ஊகம் என்று பிரித்தறிவது எப்படி? இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது.

கல் ஏன் பெயரானது?

முதலில் பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் சமவெளி. அதன் நடுவே செங்குத்தான வெண்சாம்பல் நிறச் சுவர்களோடு ஒரு மலை திடீரென்று எழுந்து நிற்கிறது. அது சுண்ணாம்புக் கல் மலை. நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்தப் பகுதி ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அடியில் படிந்து, அழுந்தி, பாறையாயின. பின்னர் நிலத்தின் அசைவுகளால் அந்தப் பாறை மேலே வந்தது.

சுண்ணாம்புக் கல்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பாறையின் வெடிப்புகள் அகன்று குகைகள் ஆகின்றன. ஓரங்கள் இடிந்து விழுந்து செங்குத்துச் சுவர்கள் உருவாகின்றன. 272 படிகள் ஏறி நாம் நுழையும் பெரிய குகை இப்படித்தான் உருவானது.

சாலையும் வழிகாட்டிப் பலகையும் இல்லாத காலத்தில், காட்டு வழியாகவோ ஆற்று வழியாகவோ வந்த ஒருவருக்கு அந்தக் கல்மலைதான் அடையாளம். ‘கல் இருக்கும் இடம்’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். படகோட்டிக்குக் கரையின் நிறம் தெரிய வேண்டும். உழவருக்கு எது மேடு, எது சதுப்பு என்று தெரிய வேண்டும். ஈயம் தேடி வந்தவருக்கு ஆற்று மணலில் என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டும். அவர்கள் வைத்த பெயர்கள் அழகுக்காக வைத்தவை அல்ல, வேலைக்காக வைத்தவை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீங்கள் அடிக்கடி பார்க்கும் சில சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

பத்து – கல், பாறை
தானா – மண், நிலம்
பாசிர் – மணல்
லும்பூர் – சேறு
பாயா – சதுப்பு நிலம்
பெர்மாத்தாங் – கடலோரமாக நீளும் மணல்மேடு
புக்கிட் – குன்று
குவா – குகை
ஆயர் பானாஸ் – வெந்நீர்
தீமா – வெள்ளீயம் (நாம் பேச்சில் ஈயம் என்று சொல்வது)
பெசி – இரும்பு

இந்தப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் சொல்லக் கிளம்பினால் தடுமாறுவீர்கள். பொருள் தெரிவது முதல் படி மட்டுமே.

மூன்று கேள்விகள்

ஓர் ஊர்ப்பெயரை ஆராயும்போது அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவியல் பாடத்தில் நீங்கள் எழுதும் கருதுகோளைப் போல அதைக் கருதுங்கள். ‘இந்தப் பெயர் இப்படிச் சொல்கிறது, அது சரியா?’ என்று தொடங்குங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, சொல்லைப் பற்றிய கேள்வி. அந்தச் சொல்லுக்கு அந்த இடத்தில், அந்தக் காலத்தில் என்ன பொருள்? ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருக்கலாம்.

இரண்டாவது, நிலத்தைப் பற்றிய கேள்வி. பெயர் சொல்லும் கல்லோ மண்ணோ உலோகமோ அங்கே உண்மையிலேயே இருக்கிறதா? இல்லாவிட்டால், முன்பு இருந்து பிறகு மறைந்ததா?

மூன்றாவது, காலத்தைப் பற்றிய கேள்வி. பெயர் முதலில் வந்ததா, சுரங்கமோ ஆலையோ முதலில் வந்ததா? பழைய வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா?

மூன்றுக்கும் கிடைக்கும் விடைகள் ஒத்துப்போனால் பெயரை நம்பலாம். ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் நிறுத்தி யோசிக்க வேண்டும். இனி சில ஊர்களைச் சோதித்துப் பார்ப்போம்.

மலையே போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் தானா மேரா இருக்கிறது. 1989-ல் அங்கே பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ‘தானா மேரா’ என்றால் செம்மண். இன்று அந்த நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் அடுக்குமாடி வீடுகளும் சாலைகளும் தெரியும். கண்ணில் படும்படியான செம்மண் எங்கே?

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம். மலாக்காவில் பிறந்த வரைபட வல்லுநர் மனுவேல் கொதின்யோ டி எரேடியா 1604-ல் வரைந்த சிங்கப்பூர் வரைபடத்தில் ‘தானா மேரா’ என்ற பெயர் இருக்கிறது. அப்படியென்றால் இது நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான பெயர். கடற்பயணிகள் அதைக் குறித்து வைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கரையில் சிவப்பு நிற மண்சுவர்கள் கடலை நோக்கி நின்றன. தூரத்திலிருந்து வரும் கப்பலுக்கு அவை நல்ல அடையாளம்.

மண் ஏன் சிவந்தது? சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் பழங்கால ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணல், சரளை, களிமண் ஆகியவை தடித்த படிவாக இருக்கின்றன. வெப்பமும் மழையும் மிகுந்த நம் தட்பவெப்பத்தில், மண்ணில் உள்ள எளிதில் கரையும் பொருள்கள் நீரோடு போய்விடுகின்றன. இரும்பு மட்டும் தங்கி, காற்றிலுள்ள உயிர்வாயுவோடு சேர்ந்து இரும்பு ஆக்சைடாகிறது. சுருக்கமாகச் சொன்னால், மண் துருப்பிடிக்கிறது. சிவப்பு அந்தத் துருவின் நிறம்.

அந்தச் சுவர்கள் எங்கே போயின? இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்கியபோது, பிடோக், தெம்பனிஸ் வட்டாரக் குன்றுகளின் மண் வெட்டி எடுக்கப்பட்டது. கரையும் தள்ளிப்போனது. இன்று அந்தப் பழைய செம்மண் கரையை நினைவுபடுத்த வட்டாரத்தின் பெயர்தான் எஞ்சியிருக்கிறது. நிலம் மாறிய பிறகும் பெயர் மாறாமல் இருந்ததால் நமக்கு ஒரு தடயம் கிடைத்தது.

தீவின் பெயரே அதன் தொழில்

அதே சிங்கப்பூரில் புலாவ் உபின் தீவு இருக்கிறது. தரைக்குப் போடும் சதுரக் கல்லை மலாயில் ‘ஜூபின்’ அல்லது ‘உபின்’ என்பார்கள். தீவு முழுவதும் கருங்கல். பூமிக்கு அடியில் இருந்த உருகிய பாறைக் குழம்பு, மேலே வராமல் ஆழத்திலேயே மெதுவாகக் குளிர்ந்து இறுகியதால் கருங்கல் உண்டாகிறது. மெதுவாகக் குளிர்ந்ததால் அதன் படிகங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. உடைத்த கருங்கல் துண்டில் வெள்ளை, சாம்பல், கறுப்புப் புள்ளிகளைப் பார்க்கலாம்.

புலாவ் உபின் கருங்கல் 1851-ல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குப் போனது. 1924-ல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கும் போனது. நீங்கள் அந்தப் பாலத்தைக் கடந்திருந்தால் உபின் தீவின் கல்மீது பயணம் செய்திருக்கிறீர்கள். இங்கே சொல்லும் நிலமும் ஒத்துப்போகின்றன.

ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கும் பாறைக்குப் போர்த்துகீசிய மொழியில் பெட்ரா பிராங்கா என்றும், மலாயில் பத்து பூத்தே என்றும் பெயர். இரண்டுக்கும் ‘வெள்ளைக் கல்’ என்றே பொருள். பெயரைக் கேட்டதும் சுண்ணாம்புக் கல் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அந்தப் பாறை கருங்கல். கடற்பறவைகளின் எச்சம் படிந்து படிந்து வெளுத்ததால் மாலுமிகள் கண்ணுக்கு அது வெள்ளைக் கல்லாகத் தெரிந்தது. ஆகவே, பெயர் நிறத்தைச் சொல்கிறதா, பாறையின் வகையைச் சொல்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

கடல் விட்டுச்சென்ற மேடுகள்

இப்போது வடக்கே பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைக்குப் போவோம். அங்கே பெர்மாத்தாங் பாவ், பெர்மாத்தாங் பெர்தாம், பெர்மாத்தாங் பிஞ்சாய், பெர்மாத்தாங் திங்கி என்று பல ஊர்கள். பாவும் பிஞ்சாயும் மாமர வகைகள். பெர்தாம் ஒரு பனை வகை. திங்கி என்றால் உயரம். பின்பாதி ஊருக்கு ஊர் மாறுகிறது. முன்பாதி மட்டும் மாறவில்லை. ஏன்?

ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் நம் தீபகற்பத்தைச் சுற்றிய கடலின் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. பின்னர் அது மெல்லத் தாழ்ந்தது. கடல் பின்வாங்கும்போது, அலைகள் ஒவ்வொரு பழைய கரையிலும் குவித்த மணல் நீண்ட மேடாக நின்றுவிட்டது. ஒரு மேடு, அதற்கடுத்து ஒரு தாழ்வு, மீண்டும் ஒரு மேடு என்று கடற்கரைக்கு இணையாக வரிசைகள் உருவாயின. அந்த மேடுதான் பெர்மாத்தாங். மேட்டில் மழைநீர் தேங்காது; வீடு கட்டலாம், பழமரம் நடலாம். தாழ்வில் நீர் நிற்கும். அங்கே நெல் நடலாம். அதனால்தான் ஊர்கள் மேட்டின் மீது நீளவாக்கில் அமைந்தன.

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்க அதே வட்டாரத்தில் இன்னொரு தடயம் இருக்கிறது. குவார் கெப்பா என்ற இடத்தில் தொல்பழங்கால மக்கள் உண்டு போட்ட சிப்பிகளின் குவியல்கள் கிடைத்தன. கெப்பா என்பது ஒரு வகைச் சிப்பி. 2017-ல் அங்கே 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. இன்று அந்த இடம் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. சிப்பி பொறுக்கி உண்டவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்றால், அன்று கரை அருகில் இருந்திருக்க வேண்டும். மணல்மேடு, சிப்பிக் குவியல், ஊர்ப்பெயர் ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன.

தோற்றுப்போகும் பெயர்கள்

இதுவரை பார்த்தவை சோதனையில் தேறியவை. இனி தேறாதவற்றைப் பார்ப்போம்.

புக்கிட் தீமா சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்று. சுமார் 163 மீட்டர். பெயரின் நேர்ப் பொருள் ‘ஈயக் குன்று’. நிலம் என்ன சொல்கிறது? குன்று கருங்கல்லால் ஆனது. தீபகற்பத்தின் ஈயம் கருங்கல்லோடு தொடர்புடையதுதான். உருகிய கருங்கல் குழம்பு இறுகும்போது, அதிலிருந்து வெளியேறிய சூடான நீர் வெடிப்புகளில் ஈயத் தாதுவைப் படியவைத்தது. பின்னர் மழையும் ஆறும் பாறையை அரித்து, கனமான அந்தத் தாதுவைப் பள்ளத்தாக்குகளில் சேர்த்தன. கிந்தா பள்ளத்தாக்கு அப்படித்தான் செல்வம் பெற்றது. எனவே, கருங்கல் குன்றில் ஈயம் இருந்திருக்கலாம் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால், புக்கிட் தீமாவில் பெரிய அளவில் தோண்டி எடுத்தது ஈயம் அல்ல, கட்டடங்களுக்கான கருங்கல்தான். அந்தக் கற்குழிகளில் சில இன்று பசுமை சூழ்ந்த நீர்நிலைகளாக இருக்கின்றன. அப்படியானால் ‘தீமா’ எங்கிருந்து வந்தது? அக்குன்றில் வளர்ந்த ‘தெமாக்’ என்ற மரத்தின் பெயர்தான் நாளடைவில் தீமா என்று திரிந்தது என்பது ஒரு விளக்கம். பத்துமலையில் தமிழ்க் காது செய்த வேலையை இங்கே வேறு காதுகள் செய்திருக்கலாம்.

பேராக்கின் வடக்கே கிளியான் இந்தான் இருக்கிறது. ‘கிளியான்’ என்றால் சுரங்கம், ‘இந்தான்’ என்றால் வைரம். வைரச் சுரங்கம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். அந்த ஊர் பெயர் பெற்றது ஈயத்துக்காக. பெயரின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு பொறி நம் ‘பத்து’விலேயே இருக்கிறது. உலு லங்காட்டில் பத்து 14 என்ற இடம் உண்டு. செராஸில் பத்து 9 உண்டு. அங்கே போய்ப் பாறையைத் தேடாதீர்கள். மைல் கணக்கு இருந்த காலத்தில் சாலையோரம் நட்ட கல்தான் அந்தப் பத்து. பதினான்காவது மைல் கல், ஒன்பதாவது மைல் கல் என்று பொருள். பத்துமலையின் பத்து இயற்கை வைத்த கல். பத்து 14-ன் பத்து சாலை போட்டவர்கள் வைத்த கல். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டால் இங்கே வழுக்கிவிடுவோம்.

காலத்தைப் பற்றிய கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு சிலாங்கூரின் பத்து ஆராங். ‘ஆராங்’ என்றால் கரி. பத்து ஆராங் என்றால் நிலக்கரி. அங்கே நிலக்கரி உண்மையிலேயே இருந்தது. சில கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியாக இருந்த பள்ளத்தில் செடிகொடிகள் புதைந்து கரியாயின. 1910-களில் தொடங்கிய சுரங்கம் ரயில்களுக்கும் மின்நிலையங்களுக்கும் எரிபொருள் கொடுத்து 1960-ல் மூடப்பட்டது. நம் தாத்தா, பாட்டி தலைமுறையில் பலர் அங்கே உழைத்திருக்கிறார்கள். பெயரும் நிலமும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால், இது தானா மேராவைப் போல நானூறு ஆண்டுப் பெயர் அல்ல. சுரங்கத்தோடு வளர்ந்த பெயர். திரங்கானுவின் புக்கிட் பெசியும் இரும்புச் சுரங்கத்தால் அறியப்பட்ட ஊர்தான். பழைய பெயர், மக்கள் நிலத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்கிறது. சுரங்கப் பெயர், அவர்கள் நிலத்திலிருந்து எதை எடுத்தார்கள் என்று சொல்கிறது.

சேற்றுக்கு அடியில் கல்

இப்போது எல்லோருக்கும் தெரிந்த பெயருக்கு வருவோம். கோலாலம்பூர். ‘கோலா’ என்றால் ஓர் ஆறு இன்னோர் ஆற்றிலோ கடலிலோ சேரும் வாய். ‘லும்பூர்’ என்றால் சேறு. 1857-ல் ஈயம் தேடி வந்த 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி, கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்தில் இறங்கி, அம்பாங்கை நோக்கி நடந்தார்கள். இன்று மஸ்ஜித் ஜாமெக் நிற்கும் இடம் அதுதான்.

பொருள் எளிது. ஆனால், ஒரு சிக்கல் உண்டு. பொதுவாகக் ‘கோலா’வுக்குப் பின்னால் வந்து சேரும் ஆற்றின் பெயர் வரும். கங்சார் ஆறு பேராக் ஆற்றில் சேரும் இடம் கோலகங்சார். அந்த வழக்கப்படி இது கோலகோம்பாக் ஆகியிருக்க வேண்டும். அதனால்தான், அருகில் சுங்கை லும்பூர் என்று ஓர் ஆறு இருந்து, அதன் பெயரே நகருக்கு வந்தது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படியானாலும் சேறு பெயரில் இருக்கிறது, நிலத்திலும் இருக்கிறது. இரண்டு ஆறுகளும் மலையிலிருந்து கொண்டுவந்த வண்டல் அங்கே படிகிறது. மழை மிகுந்தால் ஆறு கரை மீறுகிறது. 1971-ல் வந்த பெருவெள்ளத்தில் நகரின் மையப்பகுதி மூழ்கியது.

ஆனால், சேறு மேல்தளம் மட்டுமே. பத்துமலையில் வானைத் தொட நிற்கும் அதே சுண்ணாம்புக் கல், நகரின் பெரும்பகுதிக்கு அடியில் வண்டலால் மூடப்பட்டுப் படுத்திருக்கிறது. அதன் மேற்பரப்பு சமமாக இல்லை. கூரிய முனைகளும் ஆழமான பள்ளங்களும் உள்ளே நீர் கரைத்த குகைகளும் நிறைந்தது. ஓரிடத்தில் சில மீட்டர் தோண்டினாலே பாறை கிடைக்கும். பக்கத்திலேயே பல பத்து மீட்டர் போனாலும் கிடைக்காது. நிலத்தடி நீர் இறங்கினால் மேலே உள்ள மண், கீழே உள்ள குழிக்குள் சரிந்து, தரையில் திடீர்ப் பள்ளம் விழலாம்.

இது வெறும் பொது அறிவு அல்ல. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களைக் கட்டத் திட்டமிட்டபோது, முதலில் தேர்ந்தெடுத்த இடத்தின் ஒரு பகுதிக்கு அடியில் பாறை மேலாகவும், மறுபகுதிக்கு அடியில் மிக ஆழமாகவும் இருப்பது தெரியவந்தது. ஒரு கால் கல்லிலும் ஒரு கால் மண்ணிலும் நின்றால் 452 மீட்டர் உயரக் கட்டடம் ஒரு பக்கமாக அமிழ்ந்துவிடும். அதனால் கோபுரங்களின் இடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். சில தூண்கள் 100 மீட்டருக்கும் மேல் ஆழம் சென்றன. கீழே இருந்த குழிகளில் சிமெண்டுக் கலவை நிரப்பப்பட்டது. 2007-ல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ‘ஸ்மார்ட்’ வெள்ளச் சுரங்கப்பாதையைக் குடைந்தவர்களும் இதே குகைப் பாறையோடு போராட வேண்டியிருந்தது.

பெயரைப் படித்து யாரும் கோபுரம் கட்டுவதில்லை. துளையிட்டு, மண் மாதிரி எடுத்து, அளந்த பிறகுதான் கட்டுகிறார்கள். ஆனால், ‘லும்பூர்’, ‘பத்து’, ‘பாயா’ என்ற சொற்கள் எங்கே கவனமாக அளக்க வேண்டும் என்று காட்டுகின்றன. சதுப்பு நிலத்தில் எழுந்த குடியிருப்புக்கு ‘உயரங்கள்’, ‘பூங்கா’ என்ற பொருளில் புதுப்பெயர் வைத்துவிடலாம். அதனால் நிலத்தின் குணம் மாறிவிடாது. பழைய பெயர் மறையும்போது, ‘இங்கே நீர் தேங்கும்’ என்று முன்னோர் எழுதி வைத்த குறிப்பும் மறைகிறது.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து ஊர், ஆறு அல்லது சாலைப் பெயர்களை எழுதுங்கள். மேலே உள்ள பட்டியலின் சொற்கள் அவற்றில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சொல், நிலம், காலம் என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். மூன்று கேள்விகளுக்கும் கிடைத்த விடைகளை நிரப்புங்கள். விடை கிடைக்காத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். நூலகத்தில் உள்ள பழைய வரைபடங்கள் மூன்றாவது கட்டத்துக்கு உதவும்.

3. வெளிர்நிறக் கல் ஒன்று கிடைத்தால், ஆணியால் சுரண்டிக் கொஞ்சம் பொடி எடுத்து, அதில் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்லாக இருக்கலாம். கருங்கல் பொடி நுரைக்காது. கல்லைத் தேடிக் குகைக்கும், கற்குழிக்கும், பழைய ஈயக்குட்டைக்கும் தனியாகப் போக வேண்டாம்.

4. வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம்மவர்கள் பல தோட்டங்களுக்குத் தமிழிலேயே தனிப்பெயர் வைத்திருந்தார்கள். அவற்றில் கல், மண், மேடு, பள்ளம், ஆறு என்று ஏதாவது வருகிறதா? ஏன் அப்படி அழைத்தார்கள்?

நான்காவது பயிற்சியை முதலில் செய்யுங்கள். தானா மேராவின் பெயரை 1604-ல் ஒருவர் தாளில் எழுதி வைத்ததால்தான் இன்று நம்மால் அதைச் சோதிக்க முடிந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பெயர்களில் பல எந்த வரைபடத்திலும் ஏறாதவை. அவை தெரிந்தவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். பெயரையும், இடத்தையும், சொன்னவர் கொடுத்த விளக்கத்தையும், கேட்ட தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விளக்கம் சரியா தவறா என்பதைப் பிறகு சோதித்துக்கொள்ளலாம். பெயர் இருந்தால்தான் சோதிக்கவே முடியும்.